வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க

1

“இனிமே இங்க வெச்சிருந்து ஒண்ணும் பிரயோசனமில்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாய்க்குப் புடிச்சத செஞ்சு குடுங்க.”

இந்த வார்த்தைகளைக் கேட்காத சேரி ஒன்று இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். என் சித்தப்பாவுக்கு இதைச் சொன்ன மருத்துவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவர் அறைக்கு வெளியே நூறு பேருக்கு மேல் நின்றார்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கல்லீரலில் பெரிய கட்டி. நுரையீரலில் புள்ளி புள்ளியாக. முதுகெலும்பில் ஓரிடம். இரண்டு நிமிசத்தில் விசயம் முடிந்துவிட்டது. சின்னம்மா படத்தை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார்.

சித்தப்பா இருபத்தேழு வருசம் இன்னொரு மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. வார்டு கூட்டி, ரத்தம் துடைத்து, ஊசியும் பஞ்சும் கிடக்கிற வாளியைத் தூக்கிக் கொட்டியவர். ஆஸ்பத்திரியைக் கூட்டினவரைத்தான் ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போகச் சொன்னது.

அதற்குப் பிறகு அஞ்சு மாசம் உயிரோடு இருந்தார். அந்த அஞ்சு மாசத்தில் அவருக்கு நடந்த மருத்துவம் என்ன? ராத்திரியில் முதுகுவலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொள்வார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தோம். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவருக்கு அது கொடுக்கவே கூடாத மாத்திரை, ரத்தக்கசிவு உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வாங்கி வந்தவன் நான். பட்டம் வாங்கியவன், வங்கியில் உட்கார்ந்து எழுதுகிறவன், கவிதை வேறு எழுதுகிறவன். சித்தப்பா செத்த பிறகுதான் இந்த நோயைப் பற்றிப் படித்தேன். அதுதான் என் வெட்கம்.

அனுதாபத்துக்காக இதை எழுதவில்லை. ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்பது மருத்துவம் பேசுகிற வாக்கியமா, அதிகாரம் பேசுகிற வாக்கியமா என்பதுதான் கேள்வி.

2

முதலில் மருத்துவம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். தெரியாமல் கோபப்படுவதால் யாருக்கும் நட்டமில்லை, நமக்குத்தான் நட்டம்.

கல்லீரலில் தொடங்கிய புற்று வேறு. குடலிலோ மார்பிலோ தொடங்கிக் கல்லீரலுக்கு வந்து சேர்ந்த புற்று வேறு. ரெண்டையும் நம்ம சனங்க ‘கல்லீரல் கேன்சர்’ என்றே சொல்வார்கள். ஆனால் மருந்து வேறு, போக்கும் வேறு. நான் பேசுவது முதல் வகையை. அது வெளியே பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்கும் எலும்புக்கும் நிணநீர்க் கட்டிகளுக்கும் போகிறது. அப்படிப் பரவிவிட்டால் அறுத்தெடுத்துக் குணமாக்குவதோ மாற்றுக் கல்லீரல் வைப்பதோ பொதுவாக முடியாது. இது உண்மை. இதை மறைத்து யாருக்கும் நம்பிக்கை விற்கக் கூடாது.

ஆனால் குணமாக்க முடியாது என்பதும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் ஒரே வாக்கியம் இல்லை. சர்க்கரை நோயைக் குணமாக்க முடியாது. அதற்காக யாரையும் வீட்டுக்குப் போ என்று சொல்வதில்லை.

பழைய கீமோ மருந்துகள் இந்தப் புற்றில் பெரிதாக எடுபடவில்லை. 2008-ல் வெளிவந்த ஆய்வில்தான் முதல்முறையாக ஒரு மாத்திரை ஆயுளைக் கொஞ்சம் நீட்டியது உறுதியானது. பெயர் சொராஃபெனிப். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் 7.9 மாதம் தாண்டினார்கள் என்றால், இதைச் சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் 10.7 மாதம் தாண்டினார்கள். அடுத்த வருசம் வந்த, சீனா, தென்கொரியா, தைவான் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் அதுவே 4.2 மாதம், 6.5 மாதம். 2020-ல் அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சிகிச்சை வந்தது. முதல் மருந்து, புற்று கட்டிப்போட்டிருக்கும் நம் எதிர்ப்புச் சக்தியை அவிழ்த்துவிடுவது. இரண்டாவது, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் வளர்வதைத் தடுப்பது. சொராஃபெனிப் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 13.4 மாதம், இந்த இணைக்கு 19.2 மாதம். பத்தில் மூன்று பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. டர்வாலுமாப், ட்ரெமெலிமுமாப் என்று இன்னொரு இணையும் பின்னால் வந்தது.

இந்தக் கணக்கெல்லாம் யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்லீரல் இன்னும் ஓரளவு வேலை செய்கிற, எழுந்து நடமாடுகிற நோயாளிகளுடையது. அதை அளக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. சைல்டு-பியூ என்று பெயர். மஞ்சள் எவ்வளவு, ரத்தத்தில் அல்புமின் எவ்வளவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம், வயிற்றில் நீர் இருக்கிறதா, புத்தி தடுமாறுகிறதா. அஞ்சே கேள்வி. கூட்டினால் ஏ, பி, சி என்று வகுப்பு வரும். மேலே சொன்ன மருந்துகள் ஏ வகுப்பில்தான் நிரூபிக்கப்பட்டவை. சி வகுப்பில் அவற்றைக் கொடுப்பதால் பயனில்லை, தீங்குதான். அங்கே செய்ய வேண்டியது வேறு: வலி நீக்கம், வயிற்று நீரை எடுப்பது, மலச்சிக்கலால் புத்தி தடுமாறாமல் பார்த்துக்கொள்வது.

பணம் அதிகம் கேட்காத விசயங்களும் இருக்கின்றன. ஹெபடைடிஸ் பி கிருமியால் வந்த புற்று என்றால் அந்தக் கிருமியை அடக்கும் மாத்திரையைக் கூடவே கொடுக்க வேண்டும். மிச்சமிருக்கிற கல்லீரலாவது தாக்குப்பிடிக்கும். 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம். எலும்பில் பரவிய இடத்தில் ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு வலி இறங்கிவிடுகிறது. பத்து நாள் அலைய வேண்டியதில்லை.

சித்தப்பாவை அன்றைக்கு எந்த வகுப்பு என்று யாரும் கணக்குப் போடவில்லை. அவர் தன் காலால் நடந்துதான் அந்த அறைக்குள் போனார்.

3

கணக்குப் போடவில்லை என்றேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார்கள்.

“என்னய்யா, குடிப்பியா?”

குடிப்பார். மறைக்க என்ன இருக்கிறது? அடைத்துக்கொண்ட சாக்கடைக்கும் பிண அறைக்கும் ஒரே ஆளை அனுப்பிவிட்டு, அவன் எப்படி மூக்கை மூடிக்கொள்கிறான் என்று கேட்காதவர்கள் இந்தக் கேள்வியை மட்டும் கேட்கிறார்கள். ‘ஆமாங்கய்யா’ என்று தலையைக் குனிந்தார். சீட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த நிமிசத்தில் நோயாளி போய்க் குற்றவாளி வந்துவிட்டான். அப்புறம் வருகிறதெல்லாம் தண்டனைதான், மருத்துவம் இல்லை.

குடியை நியாயப்படுத்தவில்லை. குடி கல்லீரலைச் சுருங்க வைக்கும், சுருங்கிய கல்லீரலில் புற்று வரும், இது நிசம். 2003 முதல் சில்லறைக்கடை வைத்துச் சாராயம் விற்கும் அரசுதான் ஆஸ்பத்திரியும் நடத்துகிறது என்பதும் நிசம். நம் தெருவில் குடிக்கு எதிராகப் பேசும் பெண்களோடு நிற்க வேண்டியது நம் வேலை. ஆனால் சேரிக்காரன் கல்லீரல் கெட்டால் குடி, அக்கிரகாரத்துக்காரன் கல்லீரல் கெட்டால் ‘ஃபேட்டி லிவர்’ என்று எழுதுகிற பேனாவைப் பற்றியும் பேச வேண்டும். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, கொழுப்புப் படிதல், சர்க்கரை, பூசணம் பிடித்த கடலையிலும் தானியத்திலும் இருக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு என்று இந்தப் புற்றுக்கு வாசல் பல. எந்த வாசல் என்று தேடாமல், பார்த்ததும் சாதியைப் போல ஒட்டிவிடுகிற காரணம் குடி.

சித்தப்பாவின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருந்தது. அது கடைசி மாசத்தில்தான் தெரிந்தது. இருபத்தேழு வருசத்தில் அவர் கையில் குத்திய ஊசிக்குக் கணக்கில்லை. ‘குத்திச்சுன்னா கைய அமுக்கி ரத்தத்த வுட்டுட்டு வேலையப் பாப்போம்’ என்பார். நேர்மையாகச் சொன்னால், அந்த ஊசியிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. பெரியவனான பிறகு இந்தக் கிருமி தொற்றினால் நூற்றுக்கு அஞ்சு பேருக்கும் குறைவாகத்தான் உடம்பில் நிரந்தரமாகத் தங்குகிறது. தாயிடமிருந்து பிறக்கும்போதே வந்திருக்கலாம். அவர் பிறந்த காலத்தில் தடுப்பூசியே கிடையாது.

ஆனால் கேளுங்கள். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ல் வந்தன. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியது மருத்துவமனையின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. மருத்துவப் பணியாளர் மட்டுமில்லை, கழிவைக் கையாளும் மற்றவர்களும் என்று தெளிவாகவே இருக்கிறது. சித்தப்பாவுக்கு யாரும் போடவில்லை. கேட்டால் மருத்துவமனை ‘அவன் எங்க ஆள் இல்ல, கான்ட்ராக்டர் ஆளு’ என்றது. கான்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருந்தார், சித்தப்பா மாறவில்லை. அன்றைக்குத் தடுப்பூசிக்காக ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால், கிருமி ஏற்கெனவே இருப்பது தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் மாத்திரை கொடுத்து, ஆறு மாசத்துக்கு ஒருதடவை வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்திருக்கலாம். கட்டி சுண்டைக்காய் அளவில் இருக்கும்போதே அறுத்தோ சுட்டோ எடுக்க வழியிருக்கிறது. ஆக ‘முத்திப்போச்சு’ என்பது தானாக முற்றியதில்லை. முற்றவிட்டது.

தைவானில் 1984-ல் தொடங்கிப் பிறக்கிற குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போட்டார்கள். அந்தக் குழந்தைகளிடம் கல்லீரல் புற்று குறைந்துவிட்டதை 1997-லேயே உலகத்துக்குக் காட்டினார்கள். புற்றைத் தடுக்கிற தடுப்பூசி அது. அதே 1997-ல் ஐதராபாத்தில் சொந்தமாகத் தயாரித்து விலையை இறக்கினார்கள். அப்படியும் இந்தியா முழுக்கக் குழந்தைகளுக்கான திட்டத்தில் அது சேர 2011 ஆனது. துப்புரவுத் தொழிலாளியின் கைக்கு இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை.

4

இப்போது விலைக்கு வருவோம். சொராஃபெனிப் மாத்திரையின் கதையை நம் மாணவர்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1970 காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது. அதனால்தான் இந்தியக் கம்பெனிகள் வேறு வழியில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்றன. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு 2005-ல் அந்தக் கதவை மூடினார்கள். சொராஃபெனிப்புக்கு ஜெர்மனியின் பேயர் கம்பெனி 2008-ல் இந்தியக் காப்புரிமை வாங்கியது. 120 மாத்திரை, அதாவது ஒரு மாசத்துக்கானது, 2,80,428 ரூபாய். துப்புரவுத் தொழிலாளியின் பல வருசக் கூலி.

ஆனால் சட்டத்தில் 84-ஆம் பிரிவு என்று ஒரு சந்து இருந்தது. காப்புரிமை பெற்ற பொருள் மக்களின் தேவைக்குக் கிடைக்கவில்லை என்றால், வாங்க முடிகிற விலையில் இல்லை என்றால், அல்லது இந்தியாவில் செயல்படுத்தப்படவில்லை என்றால், இன்னொருவர் அதைத் தயாரிக்கக் கட்டாய உரிமம் கொடுக்கலாம். ஐதராபாத்தின் நாட்கோ கம்பெனி கேட்டது. 2012 மார்ச் 9 அன்று காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன் உரிமம் கொடுத்தார். மாசத்துக்கு 9,000 ரூபாய்க்கும் குறைவான விலை. பேயருக்கு 6 சதவீத ராயல்டி. வருசத்துக்குக் குறைந்தது 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசம்.

பேயர் மேல்முறையீடு செய்தது. விசாரித்தது சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம். அதன் தலைவர், சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், 2013 மார்ச் 4 அன்று உரிமத்தை உறுதி செய்தார். ராயல்டியை மட்டும் 7 சதவீதம் ஆக்கினார். பம்பாய் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 2014-ல் பேயரின் மனுக்களைத் தள்ளின. அந்த வாரியத்தை 2021-ல் ஒழித்துவிட்டார்கள்.

நடுவில் 2013 இறுதியில் பேயரின் அன்றைய தலைவர் மாரைன் டெக்கர்ஸ் ஒரு கூட்டத்தில் பேசினார். இந்த மருந்தை இந்தியர்களுக்காக உருவாக்கவில்லை, விலை கொடுக்க முடிகிற மேலைநாட்டு நோயாளிகளுக்காக உருவாக்கினோம் என்பது அவர் பேச்சின் சாரம். உலகமே அதிர்ந்தது, கண்டித்தது. அவரும் பிறகு விளக்கம் கொடுத்தார். எனக்கு அதிர்ச்சி ஒன்றும் வரவில்லை. ‘இந்தக் குளம் உனக்காக வெட்டினதில்லடா’ என்று நம்ம தாத்தாவிடம் சொன்ன அதே குரல்தான் அது. என்ன, சூட்டு கோட்டு போட்டிருந்தது.

நாட்கோ ஒன்றும் நம்ம பங்காளி இல்லை. லாபத்துக்காகத்தான் கேட்டது. ஆனால் சட்டத்தின் சந்துக்குள் கையை விட்டதும் விலை முப்பதில் ஒரு பங்காக விழுந்தது. அப்படியென்றால் மிச்ச இருபத்தொன்பது பங்கு என்ன? மருந்தா? இல்லை, அதிகாரம்.

அதற்குப் பிறகு? 2013-ல் டசாடினிப் என்ற ரத்தப்புற்று மருந்துக்குக் கேட்டது நிராகரிக்கப்பட்டது. சொராஃபெனிப்புக்குப் பிறகு இன்னொரு கட்டாய உரிமம் கொடுக்கப்படவே இல்லை. சொராஃபெனிப்பின் காப்புரிமைக் காலம் 2020-ல் முடிந்தது. அதே வருசத்தில்தான் அதைவிட நல்ல இணை மருந்து வந்தது. பழைய மருந்து நம் கைக்கு எட்டுகிறபோது நல்ல மருந்து அடுத்த மாடிக்கு ஏறிவிடுகிறது. புதிய சிகிச்சை லட்சக்கணக்கில் போகிறது, அதுவும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. 2024 பட்ஜெட்டில் டர்வாலுமாப் உள்ளிட்ட மூன்று புற்று மருந்துகளுக்குச் சுங்கவரியை நீக்கினார்கள். நல்லது. ஆனால் மலையில் ஒரு கூடை மண் எடுத்த மாதிரி. 84-ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. எடுக்கத்தான் ஆளில்லை.

இன்னொரு வழியும் உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் தலை, கழுத்துப் புற்றில் நிவோலுமாப் என்ற மருந்தை வழக்கமான அளவில் சுமார் 6 சதவீதம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் நீண்டது, 2022-ல் வெளியிட்டார்கள். கல்லீரல் புற்றுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு மருந்து நிசமாகவே வேண்டுமா என்ற கேள்வியை விற்கிறவன் கேட்க மாட்டான், நாம்தான் கேட்க வேண்டும் என்கிறேன்.

5

நான் உட்காருவது நகைக்கடன் கவுன்ட்டருக்குப் பக்கத்தில். அங்கே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே படிப்புச் செலவா, கல்யாணமா, ஆஸ்பத்திரியா என்று சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் கிராமுக்கு எவ்வளவு என்று பேரம் பேச மாட்டார்கள். ‘எவ்ளோ வருதோ குடுங்க சார்’ என்பார்கள். கம்மல், மூக்குத்தி, கடைசியில் தாலிக்குண்டு. பெரும்பாலும் மீட்க வருவதில்லை. கெடு முடிந்து ஏல நோட்டீஸ் போகும்போது வீட்டில் படம் மாட்டியிருக்கும்.

இங்கேதான் இன்னொரு பொய்யையும் பார்த்தேன். கையில் ஒன்றுமில்லாதவனிடம் ‘ஒண்ணும் செய்ய முடியாது’ என்கிறார்கள். மூன்று பவுன் இருக்கிறவனிடம் ‘எல்லாம் செய்யலாம்’ என்கிறார்கள். கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, ஆள் தெரியாமல் உளறுகிறவருக்கு, அதாவது மருத்துவத்தின் சொந்தக் கணக்குப்படியே கொடுக்கக் கூடாதவருக்கு, விலை கூடின மருந்தை ஏற்றிவிட்டு அனுப்பிய கதை எனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தின் தாலியை நாங்கள்தான் எடை போட்டோம்.

ரெண்டு பொய்யும் ஒரே வேரில் முளைத்தவைதான். நோயாளியின் கல்லீரலைப் பார்க்காமல் மடியைப் பார்த்துச் சொல்லப்படுபவை. உண்மையைச் சொல்ல அரைமணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். நம்மோடு அரைமணி நேரம் யார் உட்காருவார்கள்?

மாத்திரை கிடைத்தாலும் அதோடு விசயம் முடிவதில்லை. சொராஃபெனிப் சாப்பிட்டால் பலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து கொப்பளிக்கும், தோல் உரியும். மேசை வேலைக்காரருக்கு அது தொந்தரவு. விளக்குமாறு பிடிக்கிறவருக்கு, செருப்பில்லாமல் வயலில் நிற்கிறவருக்கு அது கூலி போகிற விசயம். அளவைக் குறைத்தும் இடைவெளி விட்டும் கொடுக்க வழி உண்டு. நோயாளி திரும்பி வந்து சொன்னால்தானே? பஸ்ஸுக்குக் காசு, ஒருநாள் கூலி, கூட வர ஓர் ஆள். அந்த ஆள் எப்போதும் ஒரு பெண்தான். சின்னம்மா அஞ்சு மாசம் வேலைக்குப் போகவில்லை. எந்த ஆய்விலும் அந்தக் கணக்கு வராது. முதலமைச்சரின் காப்பீடு 2018-ல் மத்தியத் திட்டத்தோடு இணைந்தபோது குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் என்றானது. அட்டையில் சின்னம்மாவின் கூலிக்குக் கட்டம் இல்லை.

6

வலியைப் பற்றித் தனியாகச் சொல்லாவிட்டால் சித்தப்பா என்னை மன்னிக்க மாட்டார்.

புற்றுவலிக்குப் படிப்படியாக மருந்து கூட்டிக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. மேல்படியில் இருப்பது மார்ஃபின். கல்லீரல் கெட்டவருக்கு அதைக் குறைந்த அளவில், கூடுதல் இடைவெளியில், மலமிளக்கியோடு, கவனமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கக் கூடாது என்று இல்லை. பாராசிட்டமால்கூட அளவோடு கொடுக்கலாம், நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போகாமல். இதெல்லாம் ராக்கெட் விடுகிற வேலை இல்லை.

மார்ஃபின் எதிலிருந்து வருகிறது? கசகசாச் செடியின் பாலிலிருந்து. அரசு உரிமத்தோடு அந்தப் பாலை எடுக்கிற நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்தில் விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் உள்ளூர் ஆஸ்பத்திரிகள் மார்ஃபினைத் தொடவே பயந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். திருத்தம் டெல்லியில் நடந்தது. எங்கள் தெருவுக்கு வரவில்லை. உலகத்துக்கு வலி நீக்கி விளைகிற மண்ணில் என் சித்தப்பா சுவரில் முட்டிக்கொண்டார்.

முடியாத காரியமா இது? கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சிறு குழுவாகத் தொடங்கினார்கள். தெருவுக்குத் தெரு பயிற்சி பெற்ற தொண்டர்கள், வீட்டுக்கு வரும் செவிலியர். 2008-ல் அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. இங்கே 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். வலி, ஆதரவுச் சிகிச்சையும் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. தோழர்கள் அவரவர் சேரியில் போய்ப் பாருங்கள். பிரஷர் மாத்திரை வருகிறதா? வருகிறது. படுக்கையில் கிடக்கிற புற்றுநோயாளியின் வலிக்கு யாராவது வருகிறார்களா? கேளுங்கள், எழுதுங்கள், இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.

7

ஒரு தோழரிடம் இதைப் பேசினேன். அவர் கேட்டார்: “காய்ச்சலுக்கே ஆஸ்பத்திரியில பாக்க ஆளில்ல. சாகப்போறவனுக்கு மூணு மாசம் கூட்டித் தர லட்சக்கணக்குல கேக்கிறியே, இது நடுத்தர வர்க்கத்துக் கவல இல்லையா?”

நியாயமான கேள்வி. நான் பல நாள் யோசித்தேன். இருக்கிற பணத்தில் முதலில் தடுப்பூசி, முதலில் பரிசோதனை என்றால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். ஆனால் ‘மூணு மாசம்தானே’ என்று யாரைப் பற்றிச் சொல்கிறோம்? அமைச்சருக்கு இந்த நோய் வந்தால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. விமானத்தில் ஏற்றுகிறார்கள். நம் உயிரின் கடைசி மூணு மாசம் மட்டும் எப்படிச் சில்லறையானது? அந்த மூணு மாசத்தில் ஒரு மகளின் பரீட்சை முடியும். பாகப்பத்திரம் எழுதலாம். பல வருசமாகப் பேசாத அண்ணனோடு பேசலாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும் வலியில்லாமல் தூங்கலாம். எப்படி வாழ்வது என்பதில் மட்டுமில்லை, எப்படிச் சாவது என்பதிலும் இங்கே சாதி இருக்கிறது. சுடுகாட்டுப் பாதைக்காகப் போராடுகிற நாம், சுடுகாட்டுக்கு முந்தின அஞ்சு மாசத்துக்காக ஏன் போராடக் கூடாது?

அதனால் இயக்கங்கள் முன்னால் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று. மருத்துவமனையில், நகராட்சியில், சாக்கடையில் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், ஒப்பந்தக்காரர் யாராக இருந்தாலும், ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் மூன்று தவணைத் தடுப்பூசியும். கிருமி இருந்தால் வேலையை விட்டு நிறுத்தாமல் மாத்திரையும் ஆறுமாத ஸ்கேனும்.

இரண்டு. பரவிய கல்லீரல் புற்றுக்கான நல்ல மருந்துகளுக்கு, விலை இறங்காவிட்டால், 84-ஆம் பிரிவை எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில், கொடுக்கத் தகுந்த நோயாளிக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

மூன்று. ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் மார்ஃபின். வீட்டுக்கு அனுப்புவதானால் வலிக்கு மருந்தும், எதைக் கொடுக்கக் கூடாது என்று தமிழில் எழுதிய சீட்டும், வந்து பார்க்க ஒரு செவிலியரும். இவை இல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இது அரசுக்கு. நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. படித்த பையன்கள், பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். போனால் நாலு கேள்வி கேளுங்கள். புற்று எங்கே தொடங்கியது? கல்லீரல் ஏ, பி, சி எந்த வகுப்பு? ஹெபடைடிஸ் பி, சி பார்த்தாச்சா? வலிக்கு என்ன தரப்போகிறீர்கள்? பதிலை எழுதி வாங்குங்கள். கேள்வி கேட்கிற ஆள் பக்கத்தில் நின்றால் ரெண்டு நிமிசம் அஞ்சு நிமிசம் ஆகும். நான் அன்றைக்கு நிற்கவில்லை. வெளியே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மகாத் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டுவிட்டது. 1927-ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரோடு போய்க் கையால் அள்ளிக் குடிக்கிற வரைக்கும் அது தாளில்தான் பொதுவாக இருந்தது. 2016 விதியும் 84-ஆம் பிரிவும் 2014 திருத்தமும் இன்றைக்குத் தாளில்தான் இருக்கின்றன. அள்ளிக் குடிக்கப் போக வேண்டியது நாம்தான்.

சின்னம்மா இப்போது சித்தப்பாவின் வேலைக்குப் போகிறார். அதே வார்டு, அதே வாளி. போன வாரம் கையில் ஊசி குத்திவிட்டதாம். அமுக்கி ரத்தத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாராம்.

நாளைக்கு நான் லீவு போட்டிருக்கிறேன். சின்னம்மாவைக் கூட்டிட்டுப் போகிறேன். வீட்டுக்கு இல்லை. அவர் கூட்டுகிற அந்த ஆஸ்பத்திரிக்கே, அந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு, தடுப்பூசி போடச் சொல்லி.